மொட்டை போட்ட ஊர்

"படை வந்தது சரித்திரம். ஒங்க அப்பா மில்லுக்கு வந்தது பொழப்பு. ரெண்டையும் ஒரே பெஞ்சில வைக்க முடியாதும்மா."

சொன்னவர் எங்கள் வரலாற்று ஆசிரியை. நான் அப்போது ராஜபாளையத்தில் பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பள்ளி ஒன்றில் மாணவர்களின் வரலாற்றுக் கண்காட்சி நடக்க இருந்தது. மக்கள் இடம்பெயர்ந்ததும் அதனால் நம் வட்டாரம் மாறியதும் என்பது தலைப்பு. மற்ற பிள்ளைகள் வடக்கிலிருந்து வந்த படைகளையும் அட்டைக் கோட்டைகளையும் எடுத்துக்கொண்டார்கள். நான் எங்கள் தெருவை எடுத்துக்கொள்கிறேன் என்றேன். பஞ்சாலைத் தொழிலாளர்கள் குடியிருக்கும் தெரு அது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஆசிரியை அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் ஆதாரம் கொண்டுவந்தால் அரைப் பெஞ்சு தருவதாகச் சொன்னார். இல்லையென்றால் நான் கண்காட்சிக்கு வரவேண்டியதில்லை.

நோட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். "எந்த ஊர்லருந்து வந்தீக?" என்று கேட்டேன். எல்லா வீட்டிலும் ஒரே பதில்.

"நாங்க இந்த ஊருதான்."

"அதுக்கு முன்னாடி?"

"முன்னாடியும் இந்த ஊருதான். ரேசன் கார்டுல பாத்துக்கோ."

நோட்டும் பேனாவுமாக வந்து ஊரைக் கேட்டால் கார்டை வெட்டிவிடுவார்கள் என்ற பயம் அவர்களுக்கு. எனக்கு அது இரண்டு நாள் கழித்துத்தான் புரிந்தது. புதன்கிழமை மாலை வரை நோட்டில் ஒரு ஊரும் ஏறவில்லை.

அன்றைக்கு எதிர்வீட்டு அக்கா பிள்ளையோடு பஸ்ஸில் வந்து இறங்கினாள். பிள்ளையின் தலை மழித்திருந்தது, சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. முந்தினநாள் என்னிடம் இந்த ஊர்தான் என்று சொன்னவள் அவள்.

"எங்கக்கா மொட்டை?"

"வெளாத்திகுளம் பக்கம், எங்க சாமிக்கு. வேற எங்க போட? அங்கன தானே எங்க மாமனாரு நிலம் வச்சிருந்தாரு. மழ இல்லாம மூணு வருசம் பாத்துட்டு வண்டி ஏறுனாக. ஏட்டி, ஏன் நின்னுக்கிட்டே கேக்க, உள்ள வா."

செத்த நேரம் என்றுதான் உள்ளே போனேன். வெளியே வரும்போது நோட்டில் நாலு பக்கம் நிறைந்திருந்தது. பிழைக்க எங்கே போனாலும் பிள்ளைக்கு முதல் முடி இறக்கத் தங்கள் சாமியிடம் திரும்பிப் போகிற வழக்கம் எங்கள் தெருவில் உண்டு. ரேஷன் கார்டு மாறும், அது மாறாது. அதன்பிறகு நான் ஊரைக் கேட்கவே இல்லை. "பிள்ளைக்கு மொட்டை எங்க போட்டீக?" என்று மட்டும் கேட்டேன். கதவுகள் திறந்தன. தெருமுனையில் கடை வைத்திருந்த பாய் மட்டும் சிரித்தார்.

"எங்களுக்கு மொட்டை வீட்டுலயே முடிஞ்சிரும்மா. தர்கா கந்தூரிக்கு எந்த ஊருக்குப் போறீகன்னு கேளு, சொல்லுதேன்."

அவருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கினேன்.

வியாழக்கிழமை சார்ட்டில் எங்கள் வட்டாரப் படம் வரைந்து, ஒவ்வொரு ஊரிலிருந்தும் எங்கள் தெருவுக்கு நூல் ஒட்டினேன். எங்கள் தெருவில் நூலுக்குப் பஞ்சமில்லை. கடைசியாக எங்கள் வீடு. சட்டியில் குழம்பு கூட்டிக்கொண்டிருந்த அம்மாவிடம் கேட்டேன்.

"ஒனக்கா? திருவண்ணாமலையில."

வடக்கே இருக்கும் பெரிய திருவண்ணாமலை இல்லை, ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில் அதே பெயருள்ள மலைப் பெருமாள் கோயிலைச் சொன்னாள். பஸ்ஸில் அரைமணி நேரம்கூட இல்லை. அப்பாவின் ஊரோ கோவில்பட்டிக்கும் கிழக்கே.

"அப்பா ஊர்க் கோயில்ல ஏன் போடல?"

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா ஷிப்டுக்குப் போகச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தார்.

"அங்க நம்மள உள்ள விடமாட்டாக. வெளிய நின்னு கும்பிட்டுட்டு வரணும். ஒம் முடிய அங்கயா எறக்க? இங்க படியேறிப் போனோம், யாரும் ஒண்ணும் கேக்கல." சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "இத எழுதாத" என்றார்.

என் கேள்வி என் வீட்டிலேயே பொய்யானது. அதன்படி பார்த்தால் நாங்கள் எங்கிருந்தும் வரவில்லை. விட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் தெருவிலிருந்த அத்தனை வீட்டையும் வாய் திறக்க வைத்துவிட்டு என் வீட்டை மட்டும் மறைப்பது சரியாகப் படவில்லை. ராஜபாளையத்திலிருந்து மலைக்கு ஒரு குட்டை நூலை ஒட்டினேன். மறுநாள் ஆசிரியை நோட்டைப் புரட்டிப் பார்த்து அரைப் பெஞ்சு கொடுத்தார். "அந்தக் குட்டை நூல் மட்டும் இடிக்குது, எடுத்துரு" என்றார். நான் எடுக்கவில்லை.

கண்காட்சியில் நடுவராக வந்தவர் மற்ற நூல்களைக் கடந்து நேராக அதன்மேல் விரல் வைத்தார்.

"இது யார் வீடு? இது இடம்பெயர்வே இல்லையே."

ஆசிரியை எனக்குப் பின்னால் நின்றார்.

"எங்க வீடு சார். மத்தவங்க மழையில்லாம வந்தாங்க. அவங்களுக்குத் திரும்பிப் போக ஒரு கோயில் இருக்கு. எங்களை எங்க ஊர்க் கோயிலுக்குள்ள விடல. அதனால எங்க நூல் அங்க போகல."

அவர் எதையோ குறித்துக்கொண்டு அடுத்த பெஞ்சுக்குப் போனார். பரிசு அட்டைக் கோட்டைக்குக் கிடைத்தது.

திரும்பும் பஸ்ஸில் ஆசிரியை பக்கத்தில் உட்கார்ந்தார். "அத்தன பேர் முன்னாடி அப்படியே சொல்லிட்டியே."

"கேட்டாரு, சொன்னேன் டீச்சர்."

பஸ் வன்னியம்பட்டி தாண்டியது. அவர் என்னிடமிருந்து சார்ட்டை வாங்கி, மடங்காமல் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

வீட்டில் அப்பாவிடம் நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் தன் ஊருக்கு எந்த பஸ், எங்கே மாற வேண்டும் என்று மட்டும் சொன்னார். தான் வரவில்லை என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை கோவில்பட்டியில் இறங்கி அடுத்த பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். புது நோட்டில் முதல் கேள்வியை முந்தினநாளே எழுதியிருந்தேன். ஊரை விட்டுப் போனவர்களைப் பற்றி ஊரிலேயே தங்கிவிட்டவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி அது: ஒங்க தெருவுல பூட்டிக் கிடக்கிற வீடு யாருது?