மூன்றாம் பக்கத்தில் ஒரு சாவு

வீட்டைப் பற்றி நாலு பக்கத்துக்கு ஒரு பேப்பர் அடித்து வைத்திருக்கிறார் வீட்டுக்காரர். மூன்றாம் பக்கத்தில் ஒரு சாவு இருக்கிறது. வீட்டைக் கட்டிய வக்கீல், வீட்டுக்காரருடைய தாத்தா, நடு ஹாலில் ஊஞ்சலில் உட்கார்ந்து காபி கேட்டாராம். காபி வருவதற்குள் உயிர் போய்விட்டதாம். அந்த ஊஞ்சலுக்கு ஒரு போட்டோவும் போட்டிருக்கிறார்கள். நான் ஒன்பதாவதோடு நின்றவள். ஆனாலும் நாலு பக்கத்தையும் இரண்டு தடவை படித்தேன். அதே ஹாலில்தான் என் அம்மாவும் செத்துப்போனாள். அது எந்தப் பக்கத்திலும் இல்லை.

வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறது. நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. வீட்டுக்காரர்கள் எல்லாரும் சிதம்பரத்துக்குப் போய்விட்டார்கள். பின்னால் மாட்டுக்கொட்டகையாக இருந்த இடத்தை இரண்டு அறையாகத் தடுத்து அம்மாவையும் என்னையும் வைத்தார்கள். வாடகையும் கிடையாது, சம்பளமும் கிடையாது. வீட்டைத் திறந்து, பெருக்கி, துடைத்து, பூட்ட வேண்டும். பதினெட்டு வருஷம் அம்மா அதைச் செய்தாள். தானே புயல் வந்தபோது நான் சின்னப் பிள்ளை. மாடி ஜன்னல் பிய்த்துக்கொண்டு போகப் பார்த்தது. அம்மா சாக்கை அடைத்து, கட்டிலை நிமிர்த்தி முட்டுக்கொடுத்து, காற்று ஓயும் வரைக்கும் முதுகால் தாங்கிக்கொண்டு நின்றாள். இப்போது அந்தப் பேப்பரில் ‘சிறிதும் சேதமடையாத வண்ணக் கண்ணாடிகள்’ என்று போட்டிருக்கிறது. அது தானாகவே சேதமடையாமல் இருந்ததாம்.

பழைய வீடுகளை வாங்கி ஓட்டலாக மாற்றுகிறவர்கள் புதுச்சேரியிலிருந்து பார்க்க வருவதாகப் பேச்சு வந்தது. அன்றிலிருந்து வீட்டுக்காரர் வாயில் ஹெரிடேஜ் வேல்யூ என்பதைத் தவிர வேறு பேச்சு இல்லை. சுவரில் ஆணி அடித்தாலும் அது போய்விடுமாம். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வருவதாக இருந்தது. வெள்ளிக்கிழமை அம்மா ஹாலின் சிவப்புத் தரையை எண்ணெய்த் துணியால் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் தினமும் பஸ்ஸில் போய்வருகிற சிதம்பரம் ஜவுளிக்கடையில் புடவை மடித்துக்கொண்டிருந்தேன்.

எதிர்ப்பக்கம் துணி தேய்க்கிற அண்ணன் தண்ணீர் பிடிக்க வந்தபோது அம்மா கிடப்பதைப் பார்த்திருக்கிறார். ஆட்டோவில் ஜி.எச்.சுக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார். உயிர் போய் அரைமணிக்கு மேல் ஆகிவிட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் பஸ் பிடித்து வந்து சேர்ந்தபோது முகத்தை மட்டும் காட்டினார்கள்.

குடிகாட்டிலிருந்து மாமா வந்தார். அம்மாவுக்குத் தம்பி. அவர்தான் வீட்டுக்காரருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

“சார், அக்காவ வீட்டுக்கு எடுத்தாறோம் சார்.”

“எந்த வீட்டுக்கு?”

“நம்ம வீட்டுக்குத்தான் சார்.”

“அது சரிப்படாதுப்பா. பார்ட்டி வர்ற நேரம். பொணம் வச்ச வீடுன்னு பேரு வந்துச்சுன்னா வேல்யூவே போயிடும். ஆஸ்பத்திரிலேருந்து நேரா எடுத்துட்டுப் போயிடுங்க.”

“ஹால்ல வேணாம் சார். பின்னாடி எங்க ரூம்லயே வச்சிக்கிறோம். ரெண்டு மணி நேரம்.”

“கேட்டுக்குள்ளயே வேணாங்கறேன்.”

காம்பவுண்டுச் சுவரை ஒட்டி ரோட்டில் பந்தல் போட்டோம். ஐஸ் பெட்டிக்குத் துணி தேய்க்கிற அண்ணன் மளிகைக்கடையில் கேட்டு கரண்டு இழுத்துக் கொடுத்தார். குளிப்பாட்டும்போது நாலு பொம்பளைகள் சுற்றிப் புடவையைப் பிடித்தார்கள். காற்றுக்குப் புடவை தூக்கியது. டவுன் பஸ்ஸில் போகிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் பதினான்கு அறை பூட்டிக் கிடந்தது. அம்மாவின் சாவிக்கொத்து என் இடுப்பில் இருந்தது. திறந்துகொண்டு போயிருக்கலாம். போகவில்லை. பயந்துவிட்டேன்.

“ஓட்டல் ஆயிட்டா பேயும் ஒரு அயிட்டம்தானப்பா” என்றார் துணி தேய்க்கிற அண்ணன். “அதப் பாக்கறதுக்குன்னே ரூம் எடுப்பானுங்க. இவருக்கு யாவாரம் தெரியல.” மாமா சிரித்துவிட்டார். சிரித்த வாயை மூடாமலே அழுதார்.

காரியம் முடிந்து நாலு நாள் கழித்து வீட்டுக்காரர் வந்தார். மாமாவும் இருந்தார்.

“இத பாரும்மா, அம்மா ஆஸ்பத்திரில போனாங்க. யாரு கேட்டாலும் அதையே சொல்லு. ஓட்டல் வந்தா ஒனக்கு ஹவுஸ் கீப்பிங் வேல. நீ இப்ப இருக்கிற ரூம்லயே இருந்துக்கலாம். நான் பேசி வச்சிருக்கேன்.”

அவர் போன பிறகு மாமா சொன்னார்: “தலய ஆட்டிட்டுப் போ பாப்பா. எங்கூட்டுல ஒத்த ரூம்ல அஞ்சு பேரு படுத்துக்கினு இருக்கறோம். பொம்பளப் புள்ள, ஒனக்கு ஒரு எடம் வேணும். செத்தவ எங்க செத்தா இன்னா?”

நானும் தலையை ஆட்டிவிட்டுத்தான் இருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருந்தவர்கள் தள்ளிப்போட்டு, இப்போதுதான் வந்தார்கள். புதுச்சேரியிலிருந்து ஒரு மேடம் நோட்டோடு வந்தார். கூடவே போட்டோ எடுக்க ஒரு பையன். வீட்டுக்காரர் ஊஞ்சலை ஆட்டிக்காட்டி வக்கீல் செத்த கதையைச் சொன்னார். காபி வந்த டம்ளரைக்கூட வைத்திருக்கிறாராம். மேடம் விடாமல் எழுதினார். “இந்த மாதிரி ஸ்டோரி கெஸ்ட்டுக்கு ரொம்பப் பிடிக்கும் சார்” என்றார். பிறகு குனிந்து தரையைத் தொட்டுப் பார்த்து, என்னிடம் கேட்டார்.

“இது எப்படிம்மா இவ்ளோ ஷைன் ஆவுது?”

“எங்கம்மா தேச்சது மேடம்.”

“அவங்களையும் வேலைக்கு வச்சுக்கலாமே. எங்க இருக்காங்க?”

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார்.

“செத்துட்டாங்க மேடம். இந்த ஹால்லதான். நீங்க நிக்கறீங்களே, அதுக்கு ரெண்டு அடி தள்ளி.”

மேடம் நோட்டில் பேனாவை வைத்தார். “ஓ. எந்த வருஷம்?”

“இருபத்திரெண்டு நாள் ஆவுது.”

பேனா அப்படியே நின்றது. மேடம் காலைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டார்.

“ஆஸ்பத்திரில மேடம், ஆஸ்பத்திரில” என்றார் வீட்டுக்காரர். “துக்கத்துல ஒளர்றா. விவரம் பத்தாத பொண்ணு.”

“ஆட்டோல ஏத்தறதுக்கு முன்னாடியே உசுரு போயிடுச்சு சார். ஒங்களுக்கும் தெரியும். எழுதிக்குங்க மேடம். அவரு தாத்தாவுக்கு எழுதனீங்கல்ல.”

“அது ஹிஸ்டரிம்மா. இது…” மேடம் நோட்டை மூடினார். “கெஸ்ட்டுக்கு ஒரு மாதிரி இருக்கும். சாரிம்மா. ரொம்ப சாரி.”

“பரவால்ல மேடம்” என்றேன்.

அன்றைக்குச் சாயங்காலமே ரூமைக் காலி செய்யச் சொன்னார்கள். மாமா என்னோடு பேசுவதில்லை. வாயைக் கொடுத்து இடத்தைத் தொலைத்தேன் என்று அத்தையிடம் சொல்கிறாராம். வீடு விற்றுப்போய்விட்டது. வீட்டுக்காரர் பயந்த மாதிரி வேல்யூ எதுவும் குறையவில்லை. நான் இப்போது சிதம்பரத்தில் கடைப் பெண்கள் இரண்டு பேரோடு ஒரு ரூமில் இருக்கிறேன்.

இடம் போனதற்கு எனக்கு வருத்தமில்லை. நான் சொன்னதற்கும் வருத்தமில்லை. அந்தப் பரவால்ல தான் ஆறவில்லை. ஜவுளிக்கடையில் நாலு வருஷமாக நிற்கிறவள். முப்பது புடவையைப் பிரித்துப் போடச் சொல்லிவிட்டு எதுவும் எடுக்காமல் எழுந்து போகிறவர்கள் சாரி சொல்வார்கள். நாங்கள் பரவால்ல மேடம் என்போம். வாய் அதையே சொல்லிவிட்டது. அம்மாவை ரோட்டில் வைத்துக் குளிப்பாட்டினோம். அதற்குப் பரவாயில்லை என்று சொல்ல நான் யார்?