விதை வெங்காயச் சூப்பு

வெங்காயப் பட்டறையை நான் தொடவில்லை என்று சொல்லமாட்டேன். தொட்டேன். தொடச் சொன்னது யார் என்றுதான் இந்த வயதுவரை ஒருவரும் கேட்கவில்லை.

எங்கள் காடு பெரியநாயக்கன்பாளையத்துக்கு மேற்கே. சின்ன வெங்காயம் எடுத்தால், விற்றது போக விதைக்கென்று கொஞ்சத்தைக் காய்ந்த தாளோடு முடிந்து, மூங்கில் தட்டி கட்டி, கீற்று வேய்ந்து பட்டறையில் அடைத்துவிடுவார் அப்பா. நடவு வரும்வரை அதை யாரும் அவிழ்க்கக் கூடாது. வீட்டில் உலை வைக்க ஒன்றுமில்லாத நாளிலும் விதையைத் தின்னாத குடும்பம் எங்களுடையது. அதில் எனக்கும் பெருமைதான்.

அம்மாவுக்குக் கூடப் பிறந்தது ஒரே தம்பி. போத்தனூரில் ரயில்வே துரைமார்களுக்குச் சமைக்கிற இடத்தில் அவருக்கு வேலை. காடு கரை உள்ள வீட்டுப் பிள்ளை எச்சில் தட்டுக் கழுவுவதா என்று ஒரு பொங்கலன்று அப்பா எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார். மாமன் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனவர், இரண்டு வருஷம் எங்கள் வாசலை மிதிக்கவில்லை.

எனக்கு எட்டு வயதானபோது ஒரு நாள் அவராகவே வந்தார். அப்பா "வா" என்ற ஒற்றைச் சொல்லோடு காட்டுக்குப் போய்விட்டார்.

"அக்கா, தொரைங்க குடிக்கிற வெங்காயச் சூப்பு வெச்சுத் தாரேன். மச்சானும் குடிச்சுப் பாக்கட்டும்," என்றார் மாமன்.

அடுக்களையில் இருந்தது நாலே நாலு வெங்காயம். அம்மா தம்பி முகத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அம்மணி, வெதப் பட்டறையில ஒரு மொறம் எடுத்துக்கிட்டு வா. அப்பனுக்குத் தெரிய வேண்டாம்."

எடுத்து வந்தேன். ஒரு முறத்தையும் நானே உரித்தேன், கண்ணும் மூக்கும் ஒழுக ஒழுக. மாமன் மெலிசாக அரிந்து, எங்கள் எருமை வெண்ணெயில் போட்டு, வெல்லப்பாகின் நிறம் வரும்வரை சிறு தீயில் வதக்கினார். அம்மா விறகைத் தள்ளித் தள்ளிக் கொடுத்தாள். ஒரு கை ராகி மாவு, மிளகு, உப்பு, தண்ணீர். மேலே ரொட்டி மிதக்க வேண்டுமாம். ரொட்டிக்கு எங்கே போவது? காலையில் மிஞ்சிய சோளத் தோசையைக் கிள்ளிப் போட்டார். முதல் கிண்ணம் எனக்குத்தான் என்று சொன்னவரும் அவர்தான்.

அதற்குள் அப்பா வந்துவிட்டார். முதல் டம்ளர் அவருக்குப் போனது.

"பல்லில்லாதவன் குடிக்கறதாட்ட இருக்குது," என்றார். குடித்து முடித்து டம்ளரை மறுபடி நீட்டினார். அம்மா நிமிர்ந்து தம்பியைப் பார்த்துச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை.

இரண்டாவது டம்ளரையும் குடித்துவிட்டுக் கை கழுவப் போன அப்பா, குப்பைக்குழியில் முடிச்சு முடிச்சாகக் கிடந்த வெங்காயத் தாளைக் கண்டுவிட்டார்.

"பட்டறையைப் பிரிச்சது ஆரு?"

மாமன் எழுந்தார். "மச்சான், நாந்தான்..." என்று அவர் தொடங்குவதற்குள் அம்மா குறுக்கே வந்தாள்.

"இவதானுங்க. தம்பிக்கு ஒண்ணுந் தெரியாது. சொல்லாமப் போயி எடுத்துக்கிட்டு வந்துபோட்டா."

புளிய விளாறால் அடி. கெண்டைக்கால் இரண்டிலும். "இவளுக்கு ஒரு சொட்டு ஊத்தப்படாது," என்று தீர்ப்பும் ஆயிற்று. விதையை இரண்டு டம்ளர் குடித்தவர் சொன்ன தீர்ப்பு.

அடுத்த பொங்கலுக்கு மாமனை "வா மாப்பிள்ளை" என்று அப்பாவே கூப்பிட்டார். நான் பெரியவளானபோது பச்சை ஓலை வெட்டிக் குடிசை கட்டியவர் மாமன். என் கல்யாணத்தில் தாய்மாமன் சீர் சபையில் இறங்கியபோது அம்மா தலை நிமிர்ந்து நின்றாள். அன்றைக்கு அவர் மறுபடி வாசலைத் தாண்டிப் போயிருந்தால் இதெல்லாம் ஏது? இப்போது புரிகிறது. புரிந்தால் கோபம் போய்விட வேண்டும் என்று சட்டமா என்ன?

அன்று ஆட்டுப்பட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து, வெண்ணெய் வாசம் வீசிய என் விரல்களை முகர்ந்துகொண்டிருந்தேன். அம்மா தேங்காயெண்ணெயோடு வந்தாள். அவள் கையைத் தட்டிவிட்டேன். மறுபடி காலை இழுத்துத் தடவினாள். ஏன் அப்படிப் பொய் சொன்னாய் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

சூப்பு மிச்சம் இருக்கிறதா என்றுதான் கேட்டேன்.