படகு கவிழ்ந்த நாள்

வானொலி நிலையத்தில் அவருக்குப் பட்டப்பெயர் ‘இன்றைக்கு’ அண்ணன். காலை நிகழ்ச்சியில் ‘வரலாற்றில் இன்று’ சொல்பவர். ஒரு ராஜா முடிசூடியது, ஒரு கப்பல் புதுத் தீவைக் கண்டது, எவனோ ஒரு இயந்திரத்தைக் கண்டுபிடித்தது, எல்லாம் ஒரே தேதியில்தான் என்று அவர் துள்ளலாகச் சொல்லும்போது, அடுப்படியில் கரண்டி பிடித்த கை அப்படியே நிற்கும். ஒவ்வொரு செய்தி முடிந்ததும் ‘டிங்’ என்று மணி. அதைத் தட்டுவதும் அவரேதான்.

அப்பேர்ப்பட்டவரின் ஒரே மகள், கல்லூரித் தோழிகளோடு போன படகு ஆற்றில் கவிழ்ந்து செத்துப்போனாள். அன்றிலிருந்து மனைவி கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“ஏங்க, ஊர் உலகத்துல நடந்ததெல்லாம் சொல்றீங்க. நம்ம பொண்ணு போன நாளுன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

அவரும் வருடா வருடம் மேலாளர் முன் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பார்.

“காலங்காத்தால சாவு சேதியா? சின்ன விபத்துண்ணே அது. வரலாறா என்ன?”

சின்ன விபத்தாம்! நாக்கில் நரம்பில்லாத மனுஷன். இவரோ அப்பிராணி. வீட்டுக்கு வந்து, மனைவியின் முகத்தைப் பார்க்காமல் சட்டையைக் கழற்றுவார்.

இந்த வருடம் மேலாளர் மாறினார். வந்த அம்மாள், “தாராளமா சொல்லுங்கண்ணே” என்றுவிட்டாள்.

ஒரு வாரத்துச் செய்திகளை ஒரே மூச்சில் பதிவு செய்வது அவர் வழக்கம். படகுச் செய்தி வந்த இடத்தில் தொண்டை அடைத்துவிடக் கூடாதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு படித்தார். அடைக்கவில்லை. திரும்பப் போட்டுக் கேட்க மனம் வரவில்லை.

மகள் போன நாளன்று காலை மனைவி குளித்துவிட்டு, ரேடியோவுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அவர் பின்னால் நின்றார்.

“இதே நாளில்தான், ஆற்றில் படகு கவிழ்ந்து கல்லூரி மாணவிகள் பலியானார்கள்!”

புதுத் தீவைக் கண்ட அதே துள்ளல். டிங்.

“அடுத்து, ஒரு சுவாரசியமான தகவல்...”

அவள் ரேடியோவை அணைத்தாள். பாவி மனுஷன், பெற்ற மகளுக்கும் மணி அடித்துவிட்டான்.

“அழுதுடுவேனோன்னு பயந்துட்டேம்மா...”

“அழுதிருக்கலாமே.”

“அடுத்த வருஷம் நல்லா...”

“வேணாங்க. இனிமே சொல்லவே சொல்லாதீங்க. யாரும் சொல்லாத வரைக்கும் அவ நம்மகிட்டயாவது இருந்தா.”