மூலத்துக்குத் தோஷமில்லை

மாமா நட்சத்திரம் பார்க்கிறவர் என்று சொன்னால் பீர்மேட்டுப் பக்கம் ஜோசியர் என்றுதான் அர்த்தம். அவரோ தூரத்து மலையொன்றில், வானாராய்ச்சிக் கூடத்தில் தொலைநோக்கி வைத்துப் பார்க்கிறவர். தேயிலைக் கொழுந்து எடுக்கிற வீட்டில் பிறந்து அவ்வளவு படித்தவர் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் வேறு யாருமில்லை. நான் எட்டாவதோடு நின்றவள். எனக்குத் தெரிந்த வானமெல்லாம் அவர் சொன்னதுதான்.

எனக்குப் பத்து வயது. அக்காவைப் பெண் பார்க்க வண்டிப்பெரியாரிலிருந்து ஜீப்பில் வருவதாக ஏற்பாடு. அக்காவுக்கு மூல நட்சத்திரம். மாமனார் உயிருக்கு ஆகாது என்று ஏற்கெனவே மூன்று இடம் கைவிட்டுப் போயிருந்தது. இதுவும் போய்விடுமோ என்று எனக்குப் பயம். முந்தின நாள், லீவில் வந்திருந்த மாமாவிடம் கேட்டேன்.

"மூலம்னா தேளோட வால் மாதிரி கெடக்குற நட்சத்திரக் கூட்டம், அவ்வளவுதான். அந்த வெளிச்சம் இங்க வந்து சேரவே பல நூறு வருசம் ஆவும். நம்ம லயத்துல யாருக்கு யாரு மாமனார்னு அதுக்கு எப்படிட்டி தெரியும்?" என்று சிரித்தார். அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

வந்தவர்கள் கட்டன்சாயா குடிக்கும்வரை எல்லாம் ஒழுங்காகவே போனது. பிறகு மாப்பிள்ளையின் அம்மா வாயைத் துடைத்துக்கொண்டு, "பொண்ணு மூலமாமே. எங்க வீட்டு ஆளுக்கு ஏற்கெனவே நெஞ்சுவலி" என்றார். பக்கத்தில் அவர் புருஷன் தலையைக் குனிந்துகொண்டார்.

அம்மா சட்டென்று, "என் தம்பி நட்சத்திர ஆபீஸ்லதான் மதினி பெரிய உத்தியோகத்துல இருக்கான். அவங்கிட்டயே கேளுங்க" என்று சொல்லிவிட்டாள்.

மாமாவின் முகம் வெளுத்தது. கதவிடுக்கில் அக்காவின் கண் தெரிந்தது. உண்மையைச் சொல்லப் போகிறார், ஜீப் கிளம்பப் போகிறது என்று நினைத்தேன். அவர் ஜாதகத்தை வாங்கி, விரல் விட்டு எண்ணினார்.

"நாலாம் பாதம். தோஷம் கெடையாது. சொல்லப்போனா மாமனாருக்கு ஆயுசு கூடும். மிஷின்ல பாத்தவன் சொல்லுதேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "மாமா, நேத்து நீங்க..." என்று வாயெடுத்தேன். அம்மா என் தொடையில் வைத்த கிள்ளு மூன்று நாள் கன்றியிருந்தது.

"மிஷின்லயே பாத்துட்டாரு, அப்புறம் என்ன?" என்று முதலில் வெற்றிலையை எடுத்தவர் அந்த நெஞ்சுவலிக்காரர்தான். ஜீப் டிரைவர்கூட உள்ளே வந்து கையை நீட்டினார்: "சாரே, எனக்கு சொந்த வண்டி அமையுமா?" மாமா அதையும் பார்த்துச் சொன்னார்.

அவர்கள் போனதும், "பொய் சொன்னீங்கள்ல?" என்று கேட்டேன். "ஆமா" என்றார்.

கல்யாணம் நடந்தது. தோஷமில்லை என்றதும் பொய்தானே என்று, அக்காவின் மாமனார் இருமும்போதெல்லாம் வருஷக்கணக்கில் நான் நடுங்கினேன்.

பெண் பார்த்துப் போன மறுநாள், எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு நட்சத்திரங்களைப் பற்றிப் பேச மாமா ஒத்துக்கொண்டிருந்தார். ஆனால் காலை முதல் பஸ்ஸிலேயே கிளம்பிப் போய்விட்டார். அவருக்கு லீவு தீர்ந்துபோய்விட்டது என்று வகுப்பு மாஷிடம் போய்ச் சொன்னது நான்தான். அன்றைக்கு அப்படித்தான் நினைத்திருந்தேன்.