வளர்ற பிள்ளைக்கு வாங்கிய பேட்

கல்யாணத்தன்று போட்டுக்கொண்ட ஷூவை, டயர்கடை வைத்திருக்கும் டயர்காரர் இன்னும் மன்னிக்கவில்லை. மகளுக்குப் பன்னிரண்டு வயதாகிவிட்டது. ஷூ மட்டும் பரண்மேல் அட்டைப் பெட்டிக்குள் அன்றைக்கு வந்த பளபளப்போடு கிடக்கிறது. எடுத்துக் கொடுத்தது பெண்டாட்டியின் அண்ணன். மாப்பிள்ளையின் கால் அளவு ஏழு, வந்த ஷூ ஒன்பது. காகிதத்தைச் சுருட்டித் திணித்துக்கொண்டுதான் மண்டபப் படி ஏறினார். மாப்பிள்ளை மேல்படிக்குப் போய்விட்டார், இடது கால் ஷூ கீழ்ப்படியிலேயே நின்றுவிட்டது. போட்டோக்காரர் அந்த நேரம் பார்த்தா அமுக்க வேண்டும்? வீட்டுக்கு வருகிறவர்கள் ஆல்பத்தைப் புரட்டினால் அந்தப் பக்கத்தில்தான் நிற்பார்கள். அன்றைக்கே மச்சானிடம் கேட்டார். கல்யாணமானால் உடம்பு போடும் மாப்ள என்று பதில் வந்தது. உடம்பு போட்டது வாஸ்தவம்தான். அதற்காகப் பாதமா வளரும்?

மச்சானுக்கு ரெடிமேட் துணிக்கடையில் வேலை, குழந்தைகள் பிரிவில். சட்டை எடுக்க வரும் பிள்ளையைக் கண்ணாடி முன்னால் நிறுத்துவார். கொடியில் காயப் போட்டது மாதிரி சட்டை தொங்கும். மச்சான் பின்பக்கம் நின்று, முதுகுப்பக்கத் தொளதொளப்பை ஒரு கைப்பிடியாகப் பிடித்து இழுத்துக்கொண்டு, அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறதே என்று தாய்க்காரியிடம் வியப்பார். கையை விட்டதும் சட்டை பொலபொலவென்று இறங்கும். அதற்கும் பதில் இருந்தது: "வளர்ற பிள்ளைம்மா, ஒரு சைஸ் கூட எடுத்துக்குங்க." சட்டைக் கைக்குள் விரல் தெரியாமல் எந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போனாலும் அது மச்சான் கைவண்ணம்தான். அந்தப் பிள்ளைகள் அவருக்கு லூஸ் மாமா என்று பேர் வைத்திருந்தார்கள். துணியைத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்து அவரும் சிரிப்பார். விளக்கம் சொல்ல டயர்காரர் மெனக்கெடவில்லை.

ஊரார் தலையில் கட்டுவதை மச்சான் தன் தலையிலும் கட்டிக்கொள்வார், அதையும் சொல்ல வேண்டும். பெண் பார்க்கப் போகும் முன்பே இரட்டைக் கட்டில் வாங்கிப் போட்டார். பெண் அமையவில்லை. மெத்தையின் ஒரு பாதியில் பிளாஸ்டிக் உறை இன்னும் கிழியாமல் இருக்கிறது. கால்சட்டையை பெல்ட்டால் கட்டி இழுத்திருப்பார், செருப்பு அவருக்குப் பின்னால் தனியாக நடந்து வரும்.

இப்படிப்பட்ட மனிதர், தங்கை மகளுக்கு சாஃப்ட்பால் பேட் நான்தான் எடுத்துக் கொடுப்பேன் என்று கிளம்பினார். மகள் ஆள் குச்சி, ஓட்டத்தில் புயல். பள்ளி அணியில் சேர்ந்திருந்தாள். கிரிக்கெட் பேட் போலப் பட்டையாக இல்லாமல் உருட்டுக்கட்டையாக இருக்கிற பேட். கையைக் கீழிருந்து சுழற்றி எறிகிற பெரிய பந்து. சனிக்கிழமை பக்கத்துப் பள்ளியோடு போட்டி. பள்ளிக்கூடத்து பேட்டெல்லாம் பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கானவை, அவரவர் சொந்தமாக வாங்கி வாருங்கள் என்று விளையாட்டு டீச்சர் சொல்லிவிட்டார். போன வருஷம் இரவல் பேட் ஒன்று நசுங்கி இரண்டு தாய்மார் மைதானத்திலேயே சண்டை போட்டதிலிருந்து டீச்சர் இரவலுக்குச் சம்மதிப்பதில்லை. எடுக்கும் முறையும் அவர் சொல்லி அனுப்பியிருந்தார்: பேட்டை ஒற்றைக் கையால் பக்கவாட்டில் நீட்டிப் பிடிக்க வேண்டும், கை நடுங்கினால் அது உனக்கில்லை.

விளையாட்டுச் சாமான் கடையில் மகள் ஒரு நீல பேட்டை எடுத்து நீட்டிப் பிடித்தாள். அசையவில்லை. அவள் முகத்தைப் பார்த்ததும் டயர்காரர் பில் போடச் சொல்லத் திரும்பினார். அதற்குள் மச்சான் அதைப் பிடுங்கி இருந்த இடத்தில் வைத்துவிட்டு, கறுப்பு நிறத்தில் நெடுநெடுவென்று ஒன்றை உருவினார். மகள் நீட்டினாள். பேட்டின் முனை தரையைப் பார்க்கப் போனது. உடனே மச்சான் அவள் பின்னால் போய் நின்று, முழங்கைக்குக் கீழே தன் கையைக் கொடுத்துத் தாங்கினார்.

"பாருங்க மாப்ள, ஆடுதா?"

"உங்க கையை எடுங்க மச்சான்."

"எடுத்தா விழுந்துரும்ல."

டயர்காரருக்குப் பொறுக்கவில்லை. "நம்ம தொழில்ல எவனும் வண்டி வளரும்னு ஒரு சைஸ் பெரிய டயர் மாட்டுறதில்ல" என்றார்.

"வண்டி சோறு திங்காது மாப்ள. இது வளர்ற பிள்ளை."

கடைக்காரர் சிரித்துக்கொண்டே கறுப்பு பேட்டுக்கு பில் போட்டார், அதுதானே விலை கூடியது. அண்ணன் ஆசையாய் வாங்கித் தருவதில் வாயைக் கொடுக்காதே என்று மனைவி காலையிலேயே சொல்லி அனுப்பியிருந்ததால் டயர்காரர் பல்லைக் கடித்துக்கொண்டார். பில்லின் அடியில் சிவப்பு மையில், விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது என்று குத்தியிருந்தது. அதைப் படித்துவிட்டு, முறையான கடை என்று மச்சான் பாராட்டினார். தாமே எத்தனை பேருக்குக் காட்டிய வாசகம்.

பயிற்சியைப் பார்க்கவும் வந்துவிட்டார். கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு, மேலே பிடி, கீழே பிடி என்று கத்தினார். இந்த ஆட்டத்தை அவர் அதற்கு முன் கண்ணால் கண்டதில்லை. மேலே பிடித்தால் பேட்டின் அடிக்கட்டை மகளின் வயிற்றில் இடித்தது. கீழே பிடித்தால் சுழற்ற வரவில்லை. பயிற்சி முடிந்து வந்தவள் சண்டை போடவில்லை, உள்ளதைச் சொன்னாள்.

"மாமா, பந்து போனப்புறம்தான் பேட் வருது."

"பழகப் பழக வந்துரும் கண்ணு."

வியாழக்கிழமை டீச்சர் ஸ்கூட்டருக்குக் காற்றடிக்க டயர்கடைக்கு வந்தார். இந்த பேட்டோடு அவளை இறக்க முடியாது, சனிக்கிழமைக்குள் வேறு பேட் வராவிட்டால் இன்னொரு பிள்ளையைத்தான் இறக்க வேண்டும் என்று சங்கடத்தோடு சொல்லிவிட்டுப் போனார். டயர்காரர் கடையைப் பாதியில் சாத்திவிட்டு, கறுப்பு பேட்டைத் தூக்கிக்கொண்டு விளையாட்டுச் சாமான் கடைக்கு ஓடினார். கடைக்காரர் பில்லைத் திருப்பிச் சிவப்பு எழுத்தைக் காட்டினார். அந்த மாதம் இன்னொன்று வாங்க டயர்காரரிடம் வழியில்லை. வீட்டில் மகள் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அண்ணனிடம் ஒருநாளும் குரல் உயர்த்தாத மனைவி போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். அவள் என்ன சொன்னாளோ, உள்ளே வரும்போது காது வரை சிவந்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மச்சான் வீட்டுக்கு வரவில்லை, டயர்கடைக்கு வந்தார். கக்கத்தில் துணிக்கடைப் பை, அதற்குள்ளிருந்து நீட்டிக்கொண்டு அந்த நீல பேட். டயர் அடுக்குக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, கடத்தல் சரக்கு மாதிரி கையில் கொடுத்தார்.

"நான் வாங்குனேன்னு பாப்பாகிட்ட சொல்லாதீங்க மாப்ள. நீங்க எடுத்ததாவே இருக்கட்டும்."

"ஏன்?"

"இத்தனை வருஷமா கடையில நிக்கிறேன். நானே சின்ன சைஸ் எடுத்தேன்னு வெளிய தெரிஞ்சா, எவன் என்கிட்ட ஒரு சைஸ் கூட எடுப்பான்?"

டயர்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். இந்த மனிதர் கொடுத்ததெல்லாம் ஒழுங்காய் ஒருவருக்கும் பொருந்தியதில்லை. அத்தனைக்கும் தெருத்தெருவாய்த் தம்பட்டம் அடித்தவர். வாழ்நாளில் ஒரே ஒரு பொருளைச் சரியான அளவில் எடுத்திருக்கிறார், அதற்கு வெட்கப்பட்டு டயருக்குப் பின்னால் ஒளிகிறார்.  சரி மச்சான் என்று வாங்கி வைத்தார்.

சனிக்கிழமை மகளை இறக்கினார்கள். முதல் பந்தை விட்டுவிட்டாள். வேலிக்கு இந்தப் பக்கம் மச்சான் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதிசயமாக வாயைத் திறக்கவில்லை. அடுத்த பந்துக்கு நீல பேட் சரியான நேரத்துக்கு வந்து சேர்ந்தது. டணாரென்ற சத்தம், எதிரணிப் பிள்ளைகளின் தலைக்கு மேல் பந்து, மகள் ஓடுகிறாள். பேட்டைக் கீழே போட்டுவிட்டு ஓட வேண்டும் என்பதை மறந்து, ஓடித் தொட வேண்டிய முதல் முனை வரை கையிலேயே கொண்டு போனாள். டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தார்.

முடிந்ததும் நேரே இவர்களிடம் வந்தாள்.

"அப்பா எடுத்த பேட்டப் பாத்தீங்களா மாமா? நான் நினைக்கிறப்பவே வருது. நீங்க எடுத்ததுதான் லூஸ்."

மச்சான் சிரிக்க ஆரம்பித்தார், பாதியில் நிறுத்திக்கொண்டார். துணி சம்பந்தப்பட்ட வார்த்தை இல்லை போலிருக்கிறதே என்று அப்போதுதான் லேசாகப் பொறி தட்டியிருக்க வேண்டும். டயர்காரருக்கு நாக்கு துறுதுறுத்தது. வாயைத் திறந்தார். மச்சான் அவர் காலை மிதித்தார். செருப்பு இரண்டு சைஸ் பெரியது, ஆகவே மிதி பாதம் முழுக்க விழுந்தது. அடுத்தவர் பெருமையை மென்று விழுங்குவது எவ்வளவு கசப்பு என்று டயர்காரர் அன்றைக்குத் தெரிந்துகொண்டார். ஆமாம் பாப்பா, அப்பா எடுத்ததுதான் என்றார்.

மைதானத்து வாசலில் பிரியும்போது மச்சான் நாலடி போய்விட்டுத் திரும்பி வந்தார். நன்றி எதிர்பார்க்கிறார் போலிருக்கிறது என்று டயர்காரர் முகத்தை இறுக்கிக்கொண்டார். மச்சான் மகள் காதில் விழாதபடி கிட்ட வந்து குனிந்தார்.

"அந்தக் கறுப்பு பேட்ட யாருக்கும் குடுத்துறாதீங்க மாப்ள. பரண்ல, உங்க ஷூ பக்கத்துல வைங்க. வளர்ற பிள்ளை."