ஆணி அடித்த தகரம்

மகள் கௌசலா கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன சூட்கேஸுக்கு நான்கு சில்லுகள் இருந்தன. நீல நிறம். இரண்டு பேருடைய உடுப்பும் தாராளமாகப் பிடிக்கும். மாத முடிவில் வான் வண்டியோடு வருவதாகவும் அதற்குள் தேவையானதை மட்டும் அடுக்கிவைக்கும்படியும் சொல்லிவிட்டு அவள் தான் குடியிருக்கும் நெளுக்குளத்துக்குத் திரும்பிவிட்டாள். அங்கே தாய் தகப்பனுக்கென்று ஓர் அறை வெள்ளையடித்துத் தயாராக இருந்தது. தாய் இரஞ்சிதம் சூட்கேஸைத் திறக்கவில்லை. அது குசினி வாசலில் வைத்த இடத்திலேயே நின்றது.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு மரநாய். மாரி முடிந்த கையோடு ஒரே கிழமையில் மூன்று கோழிகளைக் கொண்டுபோய்விட்டது. இரஞ்சிதம் அதைத் தொலைபேசியில் வாய்தவறிச் சொல்லிவிட, மகள் பிடித்துக்கொண்டாள். கோழியைக்கூடக் காப்பாற்ற முடியாத வயதில் தனியாக இருந்து என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டாள். அவள் கேட்டதில் அன்பு இல்லாமல் இல்லை. ஆனால் இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நம்பி மூன்று ஏக்கர் வயலைப் புருஷனோடு சேர்ந்து வெட்டித் திருத்திய ஒருத்திக்கு அந்தக் கேள்வி நெஞ்சில் முள்ளாக நின்றது.

"நீ வானோட வா. வரேக்கை புதுக் கூடும் நிக்கும், கோழியும் நிக்கும். ஒரு கோழி குறைஞ்சாலும் நான் வாய் திறவாமல் வானில ஏறுறன்," என்று சொல்லிவிட்டாள்.

மருமகன் கிருசாந்தன் கூடு கட்ட இரண்டு வேலையாட்களை அனுப்பவா என்று கேட்டான். வேண்டாம் என்றாள். மற்றவன் கட்டித்தந்தால் தனக்கு ஏலாது என்று தானே கையெழுத்து வைத்ததுபோலாகிவிடும்.

புருஷன் வீரகத்திக்கு வயது எழுபத்தொன்று. வலது கண்ணில் புரை. இரஞ்சிதத்துக்கு அறுபத்தாறு, முழங்கால் மடியாது. இரண்டு பேரையும் கூட்டினால் ஒரு வேலையாள் தேறும். பின் வளவில் கிணற்றுக்கும் வேலிக்கும் நடுவே அவர் இரும்பு அலவாங்கால் குத்திக் குழி தோண்ட, அவள் சின்ன வாங்கில் இருந்துகொண்டு சிரட்டையால் மண்ணை அள்ளினாள். முழங்கை வரை கை இறங்கினால் குழி போதும்.

"அது குழியில்லை. என்ர கால்," என்பாள், அலவாங்கு தன் பக்கம் திரும்பும்போதெல்லாம்.

"தெரியும். நாப்பத்தஞ்சு வருசமாய்ப் பழகின கால்தானே," என்பார் அவர்.

ஆறு பாலைக் கட்டைகள் நின்றன. கீரி தோண்டி வராமலிருக்கக் கம்பி வலையை ஒரு சாண் நிலத்துக்குக் கீழே இறக்கிப் புதைத்தார்கள். பன்னிரண்டாம் நாள் கூரைக்கு வீரகத்தி தன்னுடைய எட்டுத் தகரங்களை எடுத்தார்.

மீள்குடியேறிய புதிதில் கொட்டில் போடக் கொடுத்த தகரங்கள் அவை. கல்வீடு எழும்பியதும் கழற்றி, இடையிடையே சாக்கு விரித்து அடுக்கி, இத்தனை வருடமும் பின்சுவரோடு வைத்திருந்தார். ஒன்றில்கூட ஆணித் துளை கிடையாது. ஆணி அடித்த தகரத்தைக் கழற்றி அடுத்த இடத்தில் போட்டால் துளைக்குத் துளை ஒழுகும். மேலே தடி வைத்துக் கட்டுக்கம்பியால் கட்டினால், குறட்டால் முறுக்கை அவிழ்த்து அரை மணித்தியாலத்தில் கூரையை உழவு இயந்திரத்தில் ஏற்றிவிடலாம். போர்க்கால இடப்பெயர்வுகள் அவருக்குக் கற்றுக்கொடுத்தது அது. ஏழு இடங்களில் அப்படிக் கட்டிக் கழற்றினார்கள். கடைசித் தரம் பன்னிரண்டு தகரத்தோடு நான்கு பேர் போனார்கள். தகரம் ஒன்றுமில்லாமல் மூன்று பேர் திரும்பினார்கள். மகன் திலீபனைப் பற்றி அந்த வீட்டில் கதைப்பது குறைவு.

கூட்டின் கூரையையும் அவர் அப்படித்தான் கட்டினார். இரஞ்சிதமும் கம்பியை அளவாக வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாளே தவிர, ஒன்றும் கேட்கவில்லை. கூரை என்றால் கட்டுவதுதான் என்று அவளுடைய கைக்கும் பழகிப்போயிருந்தது.

பதின்மூன்றாம் நாள் பதினொரு கோழிகளையும் சேவலையும் உள்ளே விட்டார்கள். எட்டு நாள் ஒரு குறையுமில்லை. ஒன்பதாம் நாள் காலையில் பத்துக் கோழிகள்தான் நின்றன. ஒரு தகரத்தின் நுனி கையகலத்துக்கு எழும்பியிருந்தது. காற்றுக்கு ஆடி ஆடிக் கம்பி தளர்ந்துவிட்டது. மரநாய்க்கு அவ்வளவு இடம் போதும். வேலியோரம் இறகு பறந்து கிடந்தது.

பின்னேரம் கௌசலா தொலைபேசி எடுத்தாள். கோழி எத்தனை என்றுதான் முதலில் கேட்டாள். சொல்லாதே என்று வீரகத்தி கையைக் காட்டினார்.

"ஒண்டு போயிட்டுது," என்றாள் இரஞ்சிதம்.

"அப்ப, அம்மா?"

"அப்ப ஒண்டுமில்லை. ஒரு கோழிக்கு இந்த வளவைப் பந்தயம் வைச்சது என்ர பிழை. அந்தச் சொல்லைத் திருப்பி எடுக்கிறன். நான் வரேல்லை."

என்ன சொன்னாலும் தான் வானோடுதான் வரப்போவதாகக் கௌசலா சொன்னாள். அவளும் இரஞ்சிதத்தின் மகள்தான்.

அடுத்த நாள் விடிந்ததும் இரஞ்சிதம் சந்திக் கடைக்கு நடந்தே போனாள். முழங்காலுக்கு இரண்டு இடத்தில் இளைப்பாற வேண்டியிருந்தது. திரும்பி வந்து ஒரு பொட்டலத்தை வீரகத்தியின் முன்னால் வைத்தாள். தகர ஆணி.

அவர் பொட்டலத்தைத் தடவிப் பார்த்தார். "இன்னும் ரெண்டு முறுக்குப் போட்டாக் காணுமப்பா. ஆணி அடிச்சால் தகரம் பழுதாய்ப் போடும்."

"போகட்டும்."

"பிறகு கழட்டேலாது."

"ஏன் கழட்ட வேணும்?"

அவர் கூட்டின் கூரையைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கே அது அப்போதுதான் தெரிந்தது என்று இரஞ்சிதத்துக்குப் பட்டது. ஊரில் துவக்குச் சத்தம் ஓய்ந்து இத்தனை வருடமாகியும், சாக்கு விரித்து அடுக்கிவைத்த அந்த எட்டுத் தகரத்தோடு அவருடைய மனம் புறப்படத் தயாராக வாசல் படலையடியில் நின்றுகொண்டேதான் இருந்தது.

"இஞ்சேருங்கோ," என்றாள் மெதுவாக. "ஏழு இடத்தில கட்டிக் கழட்டினம். கழட்டிக் கழட்டி எல்லாத்தையும் விட்டாச்சு. இனி விடுறதுக்கு என்னட்டை ஒண்டுமில்லை. நான் இந்த இடத்தில செத்தாலும் பரவாயில்லை, இனி ஒரு முடிச்சு அவிழ்க்கமாட்டன்."

வீரகத்தி எழுந்து சுத்தியலைத் தேடி எடுத்தார்.

கூரையின் தாழ்ந்த பக்கம் நெஞ்சளவு உயரம்தான். ஆனால் அவருக்கு ஆணியின் தலை தெரியவில்லை. இரஞ்சிதம் இரண்டு விரலால் ஆணியைப் பிடித்துத் தகரத்தில் நிறுத்தினாள். ஓங்கிய சுத்தியல் அப்படியே நின்றது.

"உன்ர கை நிக்குது."

"கை என்ர கை. நீங்கள் அடியுங்கோ."

முதல் அடி அவளுடைய பெருவிரலில் விழுந்தது. அவள் விரலை வாயில் வைத்து எடுத்துவிட்டு, மறுபடி அதே இடத்தில் ஆணியை நிறுத்தினாள். இரண்டாம் அடியில் தகரம் துளைபட்டது. அந்தச் சத்தம் வாய்க்காலுக்கு அப்பால் வரை கேட்டிருக்கும். இவ்வளவு நாளும் ஒரு கீறல் விழாமல் காத்த தகரத்தை வீரகத்தி ஒருதரம் தடவிப் பார்த்தார். பிறகு, "அடுத்ததை வை," என்றார். பொழுது படுவதற்குள் பொட்டலம் வெறுமையாகிவிட்டது. அவளுடைய பெருவிரல் நகம் கறுத்துவிட்டது.

மாதக் கடைசி ஞாயிறு வான் வந்தது. கௌசலா வீட்டுக்குள் போகாமல் நேரே கூட்டடிக்கு வந்தாள். தகரத்தின் நுனியைப் பிடித்து இரண்டு கையாலும் இழுத்தாள். அசையவில்லை. கோழிகளை எண்ணினாள். ஒன்பது.

"சொன்னதிலும் ஒண்டு குறையுது," என்றாள்.

"குறையேல்லை. அங்கை பார்."

கூட்டின் மூலையில் நீலச் சூட்கேஸ் திறந்து கிடந்தது. வைக்கோலுக்கு மேல் செம்பெட்டை அடைகிடந்தது.

"அம்மா, அது புதுச் சூட்கேஸ்."

"ஓம், நல்ல சாமான். குளிர் ஏறாது. முட்டை வைச்சு ஏழு நாள். இன்னும் ரெண்டு கிழமைக்கு அசைக்கேலாது."

கௌசலா குனிந்து கையை நீட்டினாள். செம்பெட்டை செட்டையை விரித்துச் சீறியது. அவள் கையை இழுத்துக்கொண்டாள். தாயின் கறுத்த நகத்தை அப்போதுதான் கண்டாள். எப்படி நடந்தது என்று கேட்டாள். இரஞ்சிதம் தேத்தண்ணி வைக்க உள்ளே போனாள்.

கிருசாந்தன் வான்காரனிடம் எஞ்சினை நிறுத்தச் சொன்னான். மாமி தந்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, ஒரு பை நிறைய முட்டையோடு அவர்கள் வெளிக்கிடும்போது, வீரகத்தி மிஞ்சிய கட்டுக்கம்பிச் சுருளைத் தூக்கிவந்து வானின் பின்சீட்டில் வைத்தார்.

"இது என்னத்துக்கு மாமா?"

"நீங்கள் கொண்டுபோங்கோ தம்பி. இஞ்சை தேவைப்படாது," என்றார்.