பேரீச்ச மரத்துக்குக் கிடைத்த ஒரு மார்க்

சர்ச்சில் ஞாயிறுதோறும் நடக்கும் ஓய்வுநாள் பள்ளியின் பரீட்சையில் இயேசுவைப் பேரீச்ச மரத்தடியில் பிறக்க வைத்த புண்ணியவதி நான்தான். அப்போது எனக்கு ஒன்பது வயது. இரட்சகரின் பிறப்பைப் பற்றி எழுதச் சொல்லிப் பத்து மார்க்குக்கு ஒரு கேள்வி. பக்கம் நிறைய எழுதி, போதாக்குறைக்கு மரத்தையும் வரைந்து வைத்தேன். அதில் மாட்டுத் தொழுவம் இல்லை, யோசேப்பு இல்லை, நட்சத்திரம்கூட இல்லை.

எல்லாம் பக்கத்து வீட்டு முஸ்லிம் அக்கா, நான் இத்தா என்று கூப்பிடுபவள், சொன்ன கதை. திருவனந்தபுரத்தில், கிழக்கேகோட்டைக்குப் பின்னால் ஒரு லைன் வீட்டில் நானும் அம்மாவும் மட்டும் இருந்தோம். அப்பா என்று ஒருவரை நான் பார்த்ததே இல்லை. ஜவுளிக்கடை வேலை முடிந்து அம்மா வீடு வந்து சேர எட்டு மணியாகும். பள்ளிக்கூடம் விட்டதிலிருந்து அதுவரை நான் இத்தாவின் பிள்ளை. தக்கலையிலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவள் அவள். சோறு போடுவாள், பேன் பார்ப்பாள், பேன் பார்க்கும்போது நான் ஆடாமல் இருக்கக் கதை சொல்லுவாள்.

அதில் எனக்கு உயிரானது மர்யம் கதை; எங்கள் மரியாளை அவள் மர்யம் என்பாள். தன்னந்தனியாகப் போன மர்யம், பிரசவ வலி பொறுக்காமல் பேரீச்ச மரத்தைப் பிடித்துக்கொண்டு, இதற்கு முன்பே செத்துத் தொலைந்திருக்கக் கூடாதா என்று அழுவாள். மரத்தை உலுக்கு, பழம் விழும் என்று ஒரு குரல் கேட்கும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குள் வந்தால், இது என்ன காரியம் என்று சனம் கூடி நின்று கேட்கும். மர்யம் வாயைத் திறக்காமல் பிள்ளையைக் கைகாட்டுவாள். உடனே தொட்டில் பிள்ளை அம்மாவுக்காகப் பேசும்! இதையெல்லாம் விட்டுவிட்டுத் தொழுவத்தை எழுத நான் என்ன மடச்சியா?

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அம்மாவையும் என்னையும் போதகர் அறைக்குக் கூப்பிட்டார்கள். ஓய்வுநாள் பள்ளி டீச்சர் என் விடைத்தாளை இரண்டு விரலால் பிடித்திருந்தார்.

“இனி பிள்ளைய அந்த வீட்டுக்கு அனுப்பக் கூடாது, கேட்டோ. இன்னைக்குப் பேரீச்ச மரம். நாளைக்கு என்னதுன்னு யாரு கண்டா?”

அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. இத்தா வீடு இல்லையென்றால் அம்மா வேலையை விட வேண்டும். வேலையை விட்டால் ஊருக்குப் போக வேண்டும். ஊரைப் பற்றி அம்மா பேசியதே கிடையாது.

டீச்சர் விடுவதாக இல்லை. “பிள்ளைக்க அப்பா எங்க? அவராவது கண்டிக்க வேண்டாமா?”

அம்மா பதில் சொல்லவில்லை. என்னைப் பார்த்தாள். நான் மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஒரு பக்கமாகச் சாய்ந்து சுற்றியது.

போதகர் புதிதாக வந்த இளவயதுக்காரர். டீச்சரைக் கண்டால் அவருக்கே கொஞ்சம் உதறும். அவர் எழுந்துபோய் அலமாரியிலிருந்து தமிழ்க் குர்ஆனை எடுக்கவும் டீச்சர், “கர்த்தாவே!” என்றார்.

“போதகருக்குப் படிக்கும்போது எங்களுக்கு இதுவும் ஒரு பாடந்தான், டீச்சர். வாசிச்சுப் பாக்காம அவங்களுக்கு நாம என்னத்தப் பதில் சொல்றது?”

பக்கத்தைத் தேடியெடுத்து, என் தாளோடு வரிவரியாக ஒத்துப் பார்த்தார்.

“தப்பில்லாமத்தான் எழுதியிருக்கா. ஆனா பாப்பா, இது அவங்க வேதம். அதுல இயேசு ஒரு நபி. நமக்கு அவரு தேவனோட குமாரன். இது சின்ன வித்தியாசம் இல்ல, நான் மழுப்ப மாட்டேன். நம்ம பரீட்சையில லூக்கா சொன்னதத்தான் எழுதணும்.”

பெரிதாக ஒரு பூஜ்யம் போட்டார். பிறகு மரத்தைப் பார்த்தவருக்கு மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. பூஜ்யத்தை அடித்துவிட்டு, படத்துக்கென்று ஒரு மார்க் போட்டார். தாளைத் திருப்பிக் கொடுத்து டீச்சரிடம் சொன்னார்: “பதில மாத்துனா போதும், டீச்சர். பிள்ளையப் பாத்துக்குற வீட்ட மாத்த வேண்டாம்.”

அப்பாடா! எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அம்மா வெளியே வந்து படியில் உட்கார்ந்து நீளமாக மூச்சு விட்டாள். பிறகு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பழவங்காடிக்குப் போய் அரைக் கிலோ பேரீச்சம்பழம் வாங்கினாள்.

விஷயத்தைக் கேட்டு இத்தா பதறிப்போனாள். “யா அல்லா, என்னாலயா இவ்வளவும்? இனி நான் வாயத் தொறக்க மாட்டேன் மக்ளே.”

“அதெப்படி? எனக்கும் சொல்லுங்க இத்தா. அந்தப் பிள்ள பேசுற எடத்தச் சொல்லுங்க,” என்றாள் அம்மா.

இத்தா சொல்லி முடிப்பதற்குள் அம்மா அழுதுவிட்டாள். வேலை தப்பிய சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டு நான் பாதிப் பழத்தைத் தின்று தீர்த்தேன்.

போதகர் அறையில் அம்மா எதற்காக என்னைப் பார்த்தாள் என்பது எனக்கொரு மகள் பிறந்த பிறகுதான் உறைத்தது. எனக்கு அம்மா போதும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்தப் பிள்ளை தொட்டிலில் கிடந்தே பேசிற்று. ஒன்பது வயதுக் கழுதை நான், மின்விசிறி எப்போது விழும் என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.